மைனா குரைக்கவில்லை

தெருநாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்து நர்மதா அதுவரை பார்த்ததில்லை. நாய்கள் என்றால் ஒன்று படுத்திருக்கும், ஒன்று சொறிந்துகொண்டிருக்கும், ஒன்று இன்னொன்றின் பின்னால் மோந்துகொண்டே சுற்றும். இவை அப்படி இல்லை. தை மாதத்து அதிகாலைப் பனி இட்டேரியின் இரண்டு பக்க வேலியையும் பாதிக்குமேல் அழித்துவிட்டிருந்தது. அந்த மண்பாதை தார்ரோட்டைத் தொடும் இடத்தில், ஒன்பதாவது மின்கம்பத்தை ஒட்டி, இந்த வேலியிலிருந்து அந்த வேலிவரை ஏழு நாய்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து அவள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

நர்மதா கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள். அவள் நாய் மைனா அவற்றைப் பார்த்துவிட்டது. முதுகு மயிர் சிலிர்த்து, பின்னங்காலில் எழும்பி, கழுத்து நெரிபட நெரிபடக் கத்தியது. அது குரைப்பு இல்லை. கதவிடுக்கில் விரல் சிக்கிய குழந்தையின் அலறல். அவளால் முடிந்தது அதை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனது மட்டும்தான். கதவைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்தாள். ஏழில் ஒன்றுகூடப் பதிலுக்குக் குரைக்கவில்லை. ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

மைனா வந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வாழப்பாடியில் ஏதோ குடோன் வாசலில் மற்ற நாய்கள் கூடிக் கடித்துக் குதறிப் போட்டிருந்ததை இனியா தூக்கி வந்து பிழைக்கவைத்திருந்தாள். இனியா சூரமங்கலத்தில் அடிபட்ட நாய்களுக்கு ஒரு கொட்டகை வைத்துப் பார்த்துக்கொள்பவள். வலது காது பாதிதான் இருந்தது மைனாவுக்கு. மனிதர்களிடம் மடியில் ஏறிப் படுக்கும். நாயைக் கண்டால் மட்டும் பைத்தியம் பிடித்துவிடும். நர்மதாவின் புருஷன் மதியழகன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் வர ஏழெட்டு மாதம் ஆகும். நாமகிரிப்பேட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் தோட்டத்து வீட்டுக்குத் தனியாக வந்து விளக்குப் போடுகிறவளுக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. இப்போது மஞ்சள் வெட்டுக்காக மதியழகன் ஊருக்கு வந்திருந்தான். ஆனாலும் மைனா அவள் கட்டிலடியில்தான் படுத்தது.

அன்று போனில் இனியா பொறுமையாகச் சொன்னாள்.

"அக்கா, கிட்ட கூட்டிட்டுப் போகவே கூடாது. அது அந்த நாய்ங்களைப் பாக்கணும், ஆனா பதறக் கூடாது. அந்தத் தூரம் எதுன்னு கண்டுபிடிங்க. அங்கயே நின்னுக்கங்க. பாத்துச்சா, வாயில ஒரு துண்டு ஈரல். மறுபடி பாத்துச்சா, இன்னொரு துண்டு. புது நாயைப் பாத்தா நல்லதுதான் நடக்கும்னு அதுக்கு மனசுல பதியணும். கயிறை இழுத்துப் பிடிக்காதீங்க. உங்க பயம் கயிறு வழியாவே அதுக்குப் போயிரும்."

"அதுங்க பதிலுக்குக் குரைக்கவே இல்ல இனியா."

"அந்த மாதிரி நாய் கிடைக்கறதே அதிர்ஷ்டம்க்கா. விட்டுராதீங்க."

அதனால் மறுநாளும் ஆறு மணிக்கு வந்தாள். அதற்கு மறுநாளும். வீட்டுக் களத்தை ஒட்டிய முதல் கம்பத்தடியில் நின்றுகொள்வாள். பக்கத்துத் தோட்டத்தில் மஞ்சள் வேகவைக்கும் ஆவி மண்ணும் மருந்தும் கலந்த வாசனையோடு பனிக்குள் புகுந்து தரையோடு தவழும். மைனா பார்க்கும், உறுமும், ஈரலைத் தின்னும். நான்காம் நாள் உறுமல் தொண்டையோடு நின்றது. ஆறாம் நாள் அந்த ஏழையும் பார்த்துவிட்டு, தானாகத் தலையைத் திருப்பி, 'எங்கே என் துண்டு' என்பதுபோல நர்மதாவின் முகத்தைப் பார்த்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து மைனாவைக் கட்டிக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷத்தை அன்று மாலையே இனியாவிடம் சொன்னாள்.

"சூப்பர்க்கா! இப்ப எவ்வளவு தூரம்?"

"அஞ்சு கம்பம் இருக்கும்."

"முதல்ல எட்டு கம்பம்னு சொன்னீங்க. தினம் எவ்வளவு முன்னாடி போறீங்க? அவசரப்படாதீங்க."

நர்மதா மனதுக்குள் கம்பங்களை எண்ணிப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"நான் போகல இனியா" என்றாள் மெதுவாக. "நான் முதல் கம்பத்தை விட்டு ஒரு அடி நகரல. அதுங்கதான் வருது."

இனியா சிரித்தாள். "அப்ப அதுங்களும் உங்களோட பழகுதுக்கா. அதுங்களுக்கும் நாலு துண்டு போடுங்க."

போட்டாள். மைனாவைக் கம்பத்தில் கட்டிவிட்டு, அவற்றுக்குப் பத்தடி முன்னால்வரை நடந்து, பாக்குமட்டைத் தட்டில் ஈரலை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவ்வளவு அருகில் போனபோதுதான் ஒன்று உறைத்தது. நாய் வாடையே இல்லை. ஏழு தெருநாய்கள் இருக்கும் இடத்தில் ஈரத்தோல் நாற்றம் வரவேண்டும். காற்று கழுவிவிட்டதுபோல இருந்தது. நடுவில் இருந்தது சாம்பல் நிறத்தில் மற்றவற்றைவிட அரையடி உயரம். அது மட்டும் அவளைப் பார்க்கவில்லை. அவள் தொண்டையைப் பார்த்தது. அவள் முதுகைக் காட்டி நடந்தபோது பின்னால் ஒரு சத்தமும் இல்லை. நக்கும் சத்தம் இல்லை, மெல்லும் சத்தம் இல்லை, காலடி இல்லை. கம்பத்துக்கு வந்து திரும்பினாள். தட்டு காலி. ஏழும் வரிசையில் இருந்தன.

அடுத்த வாரம் வியாழக்கிழமை விடியலில், பக்கத்துத் தோட்டத்துக் கந்தப்பனின் கூக்குரல் கேட்டது. மதியழகனுக்குச் சித்தப்பா முறை. அறுபது வயது ஆள், தனிக்கட்டை, ஆடுகளே குடும்பம். மதியழகன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். நர்மதா பின்னால் ஓடினாள்.

பட்டிக்குள் பத்தொன்பது ஆடுகள் கிடந்தன. எல்லாவற்றுக்கும் தொண்டை மட்டும் இல்லை. வேறெங்கும் ஒரு பல் பதியவில்லை. ஒரு வாய் சதை போகவில்லை. ரத்தம் பட்டி மண்ணில் ஊறி, மிதித்தால் செருப்போடு மண் பிரிந்து வந்தது. ஓரத்தில் கிடந்த சினையாடு இன்னும் சாகவில்லை. அது மூச்சு விடும்போதெல்லாம் கழுத்து ஓட்டையில் நுரை கிளம்பி விசில்போலச் சத்தம் வந்தது. மதியழகன் அரிவாளை எடுத்து அதன் தலையை முழங்காலால் அழுத்திப் பிடித்தான். நர்மதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விசில் நின்றது.

"கட்டிலைப் பட்டிக்குள்ளயே போட்டுத்தான் படுத்திருந்தன் அம்மிணி" என்றார் கந்தப்பன். "ஒரு ஆடு கத்தலே. ஒரு சத்தம் வரலே. முழிச்சுப் பாத்தா என்ற காலடியில கெடக்குதுங்க. நா உசுரோட படுத்திருக்கறன், எஞ்சுத்தியும் இப்பிடிக் கெடக்குதுங்க."

மதியழகன் அரிவாளைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "அந்த ஏழு நாய்ங்கதான். நீ தீனி போட்டு ஊட்டுக்கிட்ட வரவெச்சயே, அதுங்கதான்."

"ஏனுங்க, இப்பக்கூட அங்கதான் உக்காந்திருக்குதுங்க. வரும்போது பாத்தேன். வாயில ஒரு சொட்டு ரத்தமில்லீங்க."

"இந்தப் பக்கத்து நாய்ங்களே இல்ல அது" என்றார் கந்தப்பன். "தடியெடுத்துட்டு ரண்டு தடவ போனன். நா போனா இட்டேரி காலியாக் கெடக்குது. நீ போனாத்தான் உக்காருதுங்க. நீ வெச்சாத்தான் திங்குதுங்க." அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு நாளு, சாமி. நா மருந்து கலந்து தாரேன்."

"மாட்டேன் மாமா" என்றாள். அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எழுந்து வரும்போது மதியழகன் சமையற்கட்டில் நின்றிருந்தான். ஈரல் அரிந்து இரண்டு டப்பாக்களில் போட்டு வைத்திருந்தான். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவன் கத்தி எடுத்து ஒரு வெங்காயம் நறுக்கியதில்லை.

"பழக்கத்தை நடுவுல உட்டா மைனா பழையபடி ஆயிரும்ல?" என்றான் அவளைப் பார்க்காமல். "சின்ன டப்பா மைனாவுக்கு. பெருசு அதுங்களுக்கு. கலக்கிராத."

கோபத்தை அவன் இப்படித்தான் ஆற்றுகிறான் என்று நினைத்தாள். போகும்போது அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

நாய்கள் மூன்றாவது கம்பத்தில் இருந்தன. தட்டை வைத்தாள். திரும்பி நடந்தாள். முதல் கம்பத்துக்கு வருவதற்குள், இத்தனை நாளில் முதல் தடவையாக, பின்னால் ஒரு சத்தம் கேட்டது. நனைந்த மூட்டை ஒன்று தரையில் விழும் சத்தம்.

வரிசையின் ஓரத்து நாய் பக்கவாட்டில் விழுந்திருந்தது. நான்கு காலும் விறைத்து, முதுகு வில்லாக வளைந்து, தலையால் மண்ணை அடித்துக்கொண்டிருந்தது. அடுத்தது விழுந்தது. அதற்கடுத்தது. ஓரத்திலிருந்து வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக. வாயில் மஞ்சள் நுரை, கண் வெளியே பிதுங்கி, நகம் மண்ணைக் கீறிக் கீறி. அப்போதும் ஒன்றுகூடக் கத்தவில்லை. மரவள்ளிக் காட்டுக்குள்ளிருந்து மதியழகனும் கந்தப்பனும் தடியோடு வெளியே வந்தார்கள். சாம்பல் நாய் மட்டும் இன்னும் உட்கார்ந்திருந்தது. உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது, ஆனால் உட்கார்ந்திருந்தது. கந்தப்பன் ஓங்கி அதன் தலையில் போட்டார். மறுபடியும் போட்டார். மூன்றாவது அடியில் இடது பக்க மண்டை உள்ளே போய்விட்டது. அது விழும்வரை நர்மதாவையே பார்த்தது. அவள் கத்திக்கொண்டிருந்தாள். தான் கத்துவது அவளுக்கே தாமதமாகத்தான் கேட்டது.

கையில் ஈரமாக ஏதோ பட்டது. குனிந்து பார்த்தாள். மைனா. ஏழு நாய்கள் செத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பதறாமல், குரைக்காமல், ஈரலுக்காக அவள் கையை மோந்துகொண்டிருந்தது.

கந்தப்பன் தோட்டத்துப் பாழுங்கிணற்றில் ஏழையும் போட்டு, மூன்று டிராக்டர் செம்மண் கொட்டி மூடினார்கள். மதியழகன் சாயங்காலம் வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். "இன்னிக்கு ஆடு. நாளைக்குக் கொழந்தைங்களைக் கடிச்சா யாரு பதில் சொல்றது?" என்றான். அவள் எழுந்து கை கழுவப் போனாள். சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவியும் கையில் ஈரல் வாசனை இருந்தது.

திங்கட்கிழமை விடியலில் மைனாதான் அவளை எழுப்பியது. முன்வாசல் கிரில் கேட் பக்கத்தில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. வால் கம்பியில் பட்டு, டிக், டிக், டிக் என்றது. பால்காரர் வந்திருப்பார் என்று நினைத்து விளக்கைப் போட்டாள்.

முதல் கம்பத்தடியில், அவள் தினமும் நிற்கும் இடத்தில், ஏழு நாய்கள் உட்கார்ந்திருந்தன.

செம்மண் அப்பியிருந்தது. காதுக்குள், வாய்க்குள், பல்லிடுக்கில் மண். ஈக்கள் திறந்த கண்களின்மேல் நடந்தன; ஒரு இமையும் அசையவில்லை. நடுவில் சாம்பல் நாய். அதன் தலையின் இடது பாதி இல்லை.

அவள் மதியழகனைக் கூப்பிட்டாளா, அவனே வந்தானா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றான். அவன் மூச்சு விடும் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"நாந்தானே மண்ணைக் கொட்டினேன்" என்றான்.

கந்தப்பனுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. நர்மதா இனியாவைக் கூப்பிட்டாள். நாய்கள் வீட்டு வாசலில் நிற்கின்றன, பயமாக இருக்கிறது என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது.

"மைனா குரைக்குதாக்கா?" தூக்கக் கலக்கத்தில் கேட்டாள் இனியா.

"இல்ல."

"மயிர் சிலிர்த்திருக்கா? உறுமுதா?"

"வாலை ஆட்டுது."

"அப்ப நீங்க எதுக்குப் பயப்படறீங்க? நம்மளைவிட அதுக்குத்தான் நாயைத் தெரியும். இவ்வளவு நாள் பாடுபட்டது இதுக்குத்தானே?"

போன் கையிலிருந்து நழுவியது. மைனாவின் முன் மண்டியிட்டாள். அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளியே திருப்பினாள். "குரைடி" என்றாள். "மைனா, பாருடி. குரை. ஒரே ஒரு தடவை." மைனா பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தது. நல்ல பிள்ளையாக உட்கார்ந்தது.

மதியழகன் கடப்பாரையை எடுத்தான்.

"வேண்டாங்க. போகாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"சித்தப்பன் போன் எடுக்கலைல்ல? அங்க என்னன்னு பாக்க வேண்டாமா? நான் போனதும் தாழ்ப்பாள் போட்டுக்க."

போட்டாள். வெளியே நிற்பவர் கம்பிக்கிடையே கையை விட்டுத்தான் திறக்க வேண்டிய உள்தாழ்ப்பாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் களத்தின் ஓரத்துக் கம்பம்வரை போனான். நாய்கள் நகரவில்லை. கடப்பாரையை இரண்டு கையாலும் ஓங்கி நடுவில் இருந்ததன்மேல் இறக்கினான். சேற்றில் கல் விழும் சத்தம். கடப்பாரை தோளில் புகுந்து நெஞ்சில் வெளியே வந்தது. நாய் உட்கார்ந்தபடியே இருந்தது. அவன் அதைப் பிடுங்கப் பார்த்தான். வரவில்லை.

அப்போது ஏழும் எழுந்தன.

பாய்ச்சல் இல்லை. அவசரமில்லை. ஒன்று வலது முழங்காலை வாங்கியது. எலும்பு முறிந்தது அவளுக்குக் கேட்டது. ஒன்று இடது கையை. அவன் மண்டியிட்டான். ஒன்று தோளில் கால் வைத்து ஏறியது. அவன் வாயைத் திறந்தான். சாம்பல் நாய், நெஞ்சில் கடப்பாரையோடு, பாதி முகத்தோடு, அவன் மோவாய்க்குக் கீழே மூக்கை நுழைத்தது. கதறல் வரவேண்டிய இடத்தில் காற்று மட்டும் வந்தது. களத்தில் காயப்போட்டிருந்த மஞ்சளின்மேல் ரத்தம் சாரலாக விழுந்தது. அவன் கால் உதைத்தது. உதைத்தது. நின்றது.

ஒரு வாய் தின்னவில்லை. விலகின. நடந்து வந்தன. கிரில் கேட்டுக்கு முன்னால், படிக்கட்டை ஒட்டி, வரிசையாக உட்கார்ந்தன.

நர்மதா குரைத்தாள்.

தொண்டை கிழியக் கிழிய, கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு, ஒரு நாயாகவே குரைத்தாள். எச்சில் ஒழுகியது. மைனா காதை மடக்கிக்கொண்டு அவளை வினோதமாகப் பார்த்தது. வெளியே ஒன்றும் அசையவில்லை. குரல் உடைந்து நின்றதும் பழைய அமைதி திரும்பி வந்தது.

அப்போதுதான் கண்டாள். வரிசையின் நடுவில் இடைவெளி இருந்தது. சாம்பல் நாய்க்குப் பக்கத்தில். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு.

கீழே கிடந்த போனை எடுத்து 108-ஐ அழுத்தப் போனாள். கை பதறிக் கடைசியாகப் பேசிய எண்களில் எதையோ அழுத்தியது. களத்தில், மஞ்சளுக்கு நடுவே கிடந்தவனின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவன் எண். அவள் அணைக்கவில்லை. அணைக்கத் தோன்றவில்லை. நான்காவது மணியில் அவன் விரல்கள் மடங்கின. ஐந்தாவதில் கை தரையில் ஊன்றியது. ஆறாவதில் தலை எழுந்து, தாங்க ஒன்றுமில்லாமல் பின்னால் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது.

"ஏனுங்க" என்றாள்.

கையும் காலுமாக நடந்து வந்தான். முறிந்த முழங்கால் பின்பக்கமாக மடங்கி மடங்கி நிமிர்ந்தது. போன் அடித்துக்கொண்டே வந்தது. இடைவெளியில் வந்து, நாய்கள் உட்காருவதுபோல் உட்கார்ந்தான். கண்ணில் மஞ்சள் தூள். இமைக்கவில்லை. மைனாவின் வால் வேகமாக ஆடியது. வீட்டு ஆளைக் கண்டதும் அது எப்போதும் அப்படித்தான் ஆட்டும்.

நாய்கள் தாழ்ப்பாளைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தன.

மதியழகன் ஒரு கையை மெதுவாகத் தூக்கி, கம்பிகளுக்கு இடையே விட்டு, மணிக்கட்டை உள்பக்கம் வளைத்து, கண் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு, தாழ்ப்பாளைத் தேடினான்.